அங்கிள் எந்த வழி?

போனைத் தொலைச்சவன் கதை எத்தனையோ கேட்டிருப்பீங்க. பஸ்ஸுல விட்டவன், கிணத்துல போட்டவன், குடிச்சிட்டு ஆத்துல வீசினவன். தெமோதர தேயிலைத் தோட்டத்து வீரய்யா கதை அந்த ரகமில்ல. அவன் போனை ஒரு நாளும் தொலைக்கல. இன்னும் கொஞ்சம் பத்திரமா இருக்கட்டுமேன்னு கொண்டுபோய் ஒரு கந்தோர்ல, அதான் கவர்மெண்டு ஆபீஸ்ல, குடுத்தான். மனுசன் செஞ்ச குத்தம் அவ்வளவுதான்.

வீரய்யா தோட்டத்து ஃபெக்டரியில காவல் காக்கிற வாச்சர். அவனோட தங்கச்சி தயானி ஜோர்தான்ல ஒரு கார்மெண்ட்ஸ்ல தைக்கிறவ. கூட வேலை செய்யிற பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி சொல்லிக்குடுத்து, சம்பளத்துல மிச்சம் புடிச்சதையெல்லாம் மறைநாணயமா மாத்திட்டா. மறைநாணயம்னதும் பயந்துறாதீங்க. கையில புடிக்க முடியாத காசு, வேற ஒண்ணுமில்ல. போனுக்குள்ள ஒரு பெட்டி மாதிரி இருக்கும், அதுக்குள்ள கெடக்கும். ஹொஸ்டல்ல போன் களவு போறது சாதாரணம்கிறதால, அந்தப் பெட்டிய அண்ணன் போன்ல வச்சிட்டா. பெட்டிக்குச் சாவி பன்னெண்டு இங்கிலீஸ் வார்த்தை. போன் ஒடைஞ்சாலும் தொலைஞ்சாலும், அந்தப் பன்னெண்டையும் வரிசை மாறாம இன்னொரு போன்ல அடிச்சா பெட்டி தொறந்துரும்.

"வேற எவன் அடிச்சாலும் தொறந்துரும்ணே. அதான் வெனை. அண்ணிகிட்டக்கூடச் சொல்லிறாத"ன்னு தயானி படிச்சுப் படிச்சுச் சொன்னா.

வீரய்யாவுக்கு இங்கிலீஸ் தெரியாது. ஆனா அந்தப் பன்னெண்டுல பாதி அவன் தெனம் பேசுற வார்த்தைதான். பஸ், டிக்கெட், டொக்டர், பட்டர், அங்கிள். காலையில பெரட்டுக்களத்துல கங்காணி நின்னுக்கிட்டு, யார் வேலைக்கு வந்துருக்கா யார் வரலன்னு பேர் கூப்பிடுவாரில்ல, அந்த ராகத்துல பன்னெண்டையும் மனசுக்குள்ளயே கூப்பிட்டுப் பாப்பான். பன்னெண்டும் வந்து வரிசையா நின்னாத்தான் அவனுக்குத் தேத்தண்ணி தொண்டையில எறங்கும். போனைப் பொலித்தீன்ல சுத்தி அரிசி டின்னுக்குள்ள பொதைச்சு வச்சிருந்தான். தங்கச்சி கூப்பிடுற ஞாயித்துக்கெழமை மட்டும் அது வெளிய வரும்.

அந்தக் காசு சும்மா காசில்ல. அவங்க குடியிருக்கிற லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால மண் திட்டு வாயப் பொளந்து கெடக்கு. மழை கொஞ்சம் அடைச்சுப் பேஞ்சாப் போதும், பாயச் சுருட்டிக்கிட்டு ஸ்கூலுக்கு ஓடணும். மேல ரோட்டோரமா ஏழு பேர்ச்சஸ் காணி கெடைச்சு, அத்திவாரமும் போட்டு, அதோட நிக்குது. தயானி காசு வந்தாச் செவுரு எழும்பும். மாரி மழைக்கு முன்னால எழும்பலேன்னா என்ன ஆகும்கிறத அந்த வீட்டுல யாரும் வாய் விட்டுச் சொல்றதில்ல. திட்டை ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டுப் படுத்துருவாங்க.

இப்படி அரிசிக்குள்ள நிம்மதியாக் கெடந்த போனுக்குத்தான் சனி புடிச்சது. பதுளை டவுன்ல 'ஊவா மறைநாணயப் பாதுகாப்பு அதிகார சபை'ன்னு ஒண்ணைத் தொறந்து வச்சாங்க. மேசை வந்துச்சு, சுழல் நாற்காலி வந்துச்சு, நாற்காலிக்குத் துவாலை வந்துச்சு. பாதுகாக்கிறதுக்கு ஆள்தான் ஒருத்தனும் வரல. அதனால மைக் கட்டின வேன் ஒண்ணைத் தோட்டந்தோட்டமா அனுப்பினாங்க.

"பொதுமக்களே! உங்கள் கைபேசியில் மறைநாணயம் உள்ளதா? பதியப்படாத கைபேசி பாதுகாப்பற்ற கைபேசி! உங்கள் இரகசியம் எங்கள் பொறுப்பு!"

வீரய்யா பொண்டாட்டி பெரியாயி கொழுந்துக் கூடைய எறக்கி வச்சிட்டுக் கேட்டா. "நம்ம ரகசியம் எப்புடிங்க அவங்க பொறுப்பாகும்? அவங்களுக்குத் தெரிஞ்சா அப்புறம் அது என்ன ரகசியம்?"

"நீ சும்மா இரு புள்ள. கவர்மெண்டு சீல் வச்ச கந்தோர். நாளைக்குப் பதியாத காசெல்லாம் செல்லாதுன்னுட்டா ஒங்கப்பனா வந்து குடுப்பான்?"

"எங்கப்பன இழுக்காம பேசுங்க. எனக்கென்னமோ அது அரிசியிலயே கெடக்கட்டும்னு படுது."

கேட்டானா? கேக்கல. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, போனைப் பொலித்தீனோட நெஞ்சுப் பையில வச்சுக்கிட்டு, பதுளைக்குப் பஸ் ஏறிட்டான்.

வாசல்லயே செக்கியூரிட்டி மறிச்சான். "போனை உள்ள கொண்டுபோக ஏலாது. பாதுகாப்பு."

"போனைப் பதியத்தாங்க வந்தேன்."

"பதியுங்க, யார் வேணாம்னது? கொண்டுபோகத்தான் ஏலாது."

தங்கச்சியோட நாலு வருச ஒழைப்பு ஒரு பழைய ஐஸ்கிரீம் வாளிக்குள்ள விழுந்துச்சு. வீரய்யா வெறுங்கையோட உள்ள போனான். "போன் எங்க?"ன்னு கேட்டாங்க. வாசல்லன்னான். "போன் இல்லாம எப்பிடிப் பதியிறது?"ன்னு திருப்பி அனுப்பினாங்க. வாசல்ல செக்கியூரிட்டி குடுக்க மாட்டேன்னான். உள்ள போ, வெளிய வா, உள்ள போன்னு ஆடி ஓஞ்சு, கடைசில செக்கியூரிட்டியே வாளியத் தூக்கிக்கிட்டுப் பின்னால வந்தான். வாசல்ல அப்போ காவலுக்கு ஒரு குருவிகூட இல்ல. அதப் பத்தி யாரும் கவலைப்படல.

பணிப்பாளர் ஜெயரட்ணம் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருசம் கோப்புக் கட்டியே மேல வந்தவர். பதிய வந்த முதல் ஆள்னு வீரய்யாவப் பாத்ததும் மனுசனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. உத்தியோகத்தர் எல்லாரையும் கூப்பிட்டு வரிசையா நிக்க வச்சு, ஒரே ஒரு வாச்சருக்கு ஒரு பேருரை ஆத்தினார்.

"இந்தச் சபை தொடங்கி ஆறு மாதம். இந்த ஆறு மாதத்தில் எங்கள் பொறுப்பில் இருந்து ஒரு கைபேசிதானும் களவு போகவில்லை. ஏனெனில் ஒரு கைபேசியும் எங்கள் பொறுப்பில் இருக்கவில்லை. இதுவே பூரண பாதுகாப்பு! இரகசியம் காப்பது எப்படி என்பதற்கு நானே உதாரணம். எனது கைபேசியின் இரகசிய இலக்கம் எனது பிறந்த தினம். அது எவருக்கும் தெரியாது. போன வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லோரும் இங்கேதான் கேக் வெட்டினோம், சுபாஸ், நீரும் சாப்பிட்டீர்தானே?"

"சாப்பிட்டனான் சேர்"ன்னார் சுபாஸ். சுபாஸ்தான் சபையோட மொழிபெயர்ப்பாளர்.

வெனை அந்த சுபாஸ்கிட்டருந்துதான் ஆரம்பிச்சது. கொழும்புலருந்து இங்கிலீஸ்ல ஒரு சுற்றறிக்கை வந்திருந்துச்சு. சூடான பணப்பை ஆபத்து, குளிர்ந்த பணப்பை பாதுகாப்புன்னு அதுல இருந்துச்சாம். இண்டர்நெட் தொடுப்பே இல்லாம காசை வச்சுக்கிறதத்தான் இங்கிலீஸ்காரன் குளிர்னு சொல்லியிருக்கான். கந்தோர்ல அது தெரிஞ்ச ஒரே ஆள் டைப் அடிக்கிற அஸ்னா. அவகிட்ட யாரும் கேக்கல, டைப் அடிக்க மட்டும் குடுத்தாங்க. சுபாஸ் சொல்லுக்குச் சொல் வச்சார், ஜெயரட்ணம் கையெழுத்துப் போட்டார். அன்னையிலருந்து ஊவா மாகாணத்துல சூடான போன் வச்சிருக்கிறது பாதுகாப்புக் குத்தம்.

கொரோனாக் காலத்துல நெத்தியில சுடுறதுக்கு வாங்கின துப்பாக்கி ஒரு அலுமாரி நெறையக் கெடந்துச்சு. அதத் தூசி தட்டி எடுத்து, வீரய்யா போனுக்கு நேரா நீட்டிச் சுட்டாங்க. நெஞ்சுச் சூட்டுல வந்த போன், வேற எப்படி இருக்கும்?

"காய்ச்சல்"ன்னார் சுபாஸ்.

"குளிர வச்சுக் கொண்டுவாரும்"ன்னு ஜெயரட்ணம் கைய ஆட்டினார். "சூட்டோடு பதிய முடியாது."

அடுத்த தடவை பெரியாயி வாயிலயும் வயித்துலயும் அடிச்சுக்கிட்டு, ஈரத்துண்டுல போனைச் சுத்திக் குடுத்தா. பச்சப் புள்ளைக்குக் காச்சல்னா நெத்தியில பத்துப் போடுவோமே, அப்படி. பதுளை போய்ச் சேர்றதுக்குள்ள துண்டும் காஞ்சு போனும் காஞ்சிருச்சு. அதுக்கடுத்த தடவை பஸ் ஸ்டாண்ட்கிட்ட மீன்காரன்கிட்ட கெஞ்சி ஒரு அள்ளு ஐஸ் வாங்கி அதுல போட்டுக் கொண்டுபோனான். துப்பாக்கி பச்சை வெளிச்சம் காட்டுச்சு. கந்தோரே கைதட்டுச்சு. சூரை மீன் நாத்தத்த மட்டும் மூக்கப் பொத்திக்கிட்டுப் பொறுத்துக்கிட்டாங்க.

"எல்லா நாளும் மீன்காரனை நம்ப முடியாது"ன்னு ஜெயரட்ணம் யோசிச்சார். மரக்கறி வைக்கிறதுக்குன்னு கட்டி, கரண்ட் பில் கட்ட முடியாமப் பூட்டிப்போட்ட குளிரறை ஒண்ணு டவுன்ல இருந்துச்சு. அதச் சபைக்கு எழுதி எடுத்தார். வெளிய ரெண்டு காவல்காரன், உள்ள வெறும் இரும்புத் தட்டு, தட்டுல வீரய்யாவோட ஒத்தப் போன். கோவா, அதான் முட்டைக்கோஸ், வச்சிருந்த எடம், இன்னும் கோவா வாடை அடிச்சுது.

"நான் எப்பங்க எடுத்துக்கிறது, தொரை?"

"எடுக்கிறதோ? வைக்கிறதுக்குத்தானே கொண்டு வந்தனீர்! பதிவு முடியட்டும்."

"அதுல தங்கச்சி கூப்பிடுவாங்க. அவ நம்பர்கூட அதுக்குள்ளதான் இருக்கு."

"அழைப்பு வந்தால் சூடேறும்"ன்னு சொல்லிட்டு ஜெயரட்ணம் கதவைச் சாத்தச் சொல்லிட்டார்.

பதிவுன்னா அடுத்தது அந்தப் பன்னெண்டு வார்த்தை. வீரய்யா மாட்டேன்னான். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு தங்கச்சி சொல்லியிருக்குங்கன்னு அழுதுட்டான்.

"யாருக்கும் எண்டால் ஆட்களுக்கு. நாங்கள் ஆட்கள் இல்லை, சபை"ன்னு சுபாஸ் தெளிவாக்கினார். சொல்லலேன்னா போன் வெளிய வராது. சொன்னா வந்துரும்னாங்க. மனுசன் என்ன பண்ணுவான்? ராகத்தோட பன்னெண்டையும் சொன்னான், ஒவ்வொண்ணாக் களத்த விட்டுப் போற மாதிரி இருந்துச்சு அவனுக்கு. சுபாஸ் எழுதிக்கிட்டார். எழுதி முடிச்சிட்டு, "இது இங்கிலீஷ். பதிவு தமிழில இருக்க வேணும். அரசகரும மொழி"ன்னார்.

பஸ்ஸுக்குப் பேருந்து வந்துச்சு. டிக்கெட்டுக்குப் பயணச்சீட்டு. பட்டருக்கு வெண்ணெய். எட்டாவது வார்த்தையில சுபாஸோட பேனா நின்னுருச்சு.

"அங்கிள் எண்டால் ஆர்?"

"அங்கிள்னா அங்கிள்தாங்க."

"தமிழில அப்பிடி ஒரு உறவு கிடையாது. மாமாவோ, சித்தப்பாவோ, பெரியப்பாவோ? உம்மட அங்கிள் தாய்வழியோ தகப்பன்வழியோ?"

"ஐயா, அது சும்மா ஒரு வார்த்தைங்க. ஆள் இல்ல."

"ஆள் இல்லாமல் உறவு வருமோ? நீர் எனக்குத் தமிழ் படிப்பிக்கிறீரோ?"

வீரய்யா தலையச் சொறிஞ்சான். அம்மா கூடப் பொறந்தவர் ஒருத்தர் பசறையில இருந்தார், அவர மனசுல வச்சுக்கிட்டு, "மாமான்னு போட்டுக்கங்க"ன்னான். அங்கதான் மாட்டினான். மொதல்ல ஆள் இல்லன்னவன் இப்ப மாமாங்கிறானேன்னு சுபாஸுக்குச் சந்தேகம் வந்துருச்சு. கிராம சேவகர்கிட்ட உறவுமுறை உறுதி வாங்கிட்டு வாங்கன்னார்.

கிராம சேவகர் நல்ல மனுசன். "அங்கிள் பேர் என்ன?"ன்னு கேட்டார்.

"பேர் இல்லைங்க."

"செத்துட்டாரா?"

"பொறக்கவே இல்லைங்க."

கிராம சேவகர் வீரய்யாவ ஒரு தடவை மேலயும் கீழயும் பாத்தார். சாராய வாடை வருதான்னு மோந்தும் பாத்தார். அப்புறம், குறித்த அங்கிள் இப்பிரிவில் பிறக்கவுமில்லை, வசிக்கவுமில்லைன்னு எழுதிச் சீல் குத்திக் குடுத்தார். அதக் கொண்டுபோய்க் குடுத்தா, சபையில விசயம் இன்னும் முத்திருச்சு. வதிவிடம் இல்லாத அங்கிள்! வெளிநாட்டு ஆளாயிருக்குமோ? கூட்டம் போட்டாங்க. உளுந்து வடை வந்துச்சு, தேத்தண்ணி வந்துச்சு, மறுபடி வடை வந்துச்சு. கடைசில ஜெயரட்ணம் எந்திரிச்சார்.

"ஒரு மனிதனின் அங்கிளைத் தீர்மானிக்கும் அதிகாரம் இந்தச் சபைக்கு இல்லை. அது மக்களுக்கே உண்டு. பகிரங்க அறிவித்தல் போடுவோம். ஆட்சேபனை உள்ளவர்கள் வரட்டும். ஒளிவு மறைவு என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை!"

அஸ்னா டைப் அடிக்கிற மேசையிலருந்து எந்திரிச்சுட்டா. "சேர், இத வெளிய போட்டா அவங்கட காசு போயிரும் சேர்."

"பிள்ளை, நீர் டைப் அடிக்கத்தான் எடுக்கப்பட்டனீர்"ன்னார் ஜெயரட்ணம். போன தடவை வாயத் தொறந்த கிளாக்கர ஹல்துமுல்லைக்கு மாத்தினது அவளுக்கு ஞாபகம் வந்துச்சு. ஒக்காந்து அடிச்சா.

ஆட்சேபனைக் காலம் முடியிற வரைக்கும் போன் வராதுன்னுட்டாங்க. வீரய்யாவுக்குச் சோறு எறங்கல. என்னாச்சுன்னு கேட்டு வர்றேன்னு ஒரு நாள் பதுளைக்குப் போனான். பஸ்ஸ விட்டு எறங்கினதும் ஸ்டாண்ட் செவுத்துல பாத்தான். மூணு பாஷையில பெரிய எழுத்துல ஒட்டியிருந்துச்சு. அவன் பேர், லயத்து நம்பர், மறைநாணயம் வச்சிருக்கார்ங்கிற விபரம், அப்புறம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, நம்பர் போட்டு, இங்கிலீஸ்ல அந்தப் பன்னெண்டு வார்த்தை. அடியில, 'மேற்படி எட்டாம் இலக்க அங்கிள் பற்றி அறிந்தோர் தெரிவிக்கவும்.'

ஐயோ, பஸ் ஸ்டாண்ட் நடுவுல தன்ன அம்மணமா நிறுத்தி வச்ச மாதிரி இருந்துச்சு அவனுக்கு. யாரோ ஒரு ஆள் அதப் போட்டோ எடுத்துக்கிட்டு நின்னான். இன்னொருத்தன் வாசிச்சுச் சிரிச்சான். வீரய்யா பாஞ்சுபோய் அந்தத் தாளக் கிழிச்சான். தபால் கந்தோர் செவுத்துலயும் இருந்துச்சு, அங்க ஓடினான். ஆஸ்பத்திரி வாசல்லயும் இருந்துச்சு. அங்க கிழிக்கிறப்ப பொலிஸ் புடிச்சுக்கிச்சு. பகிரங்க அறிவித்தலச் சேதப்படுத்தின குத்தம். விடுறதுக்கு அந்தி ஆயிருச்சு.

பொலிஸ விட்டு வந்தவன அஸ்னாதான் ரோட்டுல வச்சுப் புடிச்சா. "அண்ண, எண்ட போன்ல அந்தப் பெட்டியத் தொறந்து பாப்பம். மிச்சம் இருந்தா இப்பவே வேற எடத்துக்கு மாத்திரலாம்."

கடை வாசல்ல நின்னுக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையா அடிச்சா. அங்கிளும் தடங்கலில்லாம உள்ள போச்சு. பெட்டி தொறந்துச்சு. உள்ள ஒண்ணுமில்ல. ஒரு சைபர் மட்டும் கெடந்துச்சு. அஸ்னா மொகத்தத் திருப்பிக்கிட்டு அழுதா. வீரய்யா அழல. அவனுக்கு அந்தச் சைபர் என்னன்னு வெளங்கவே ரொம்ப நேரம் ஆச்சு.

மறுநாள் கந்தோர் தொறக்கிறதுக்கு முன்னாலயே போய் ஒக்காந்துட்டான். ஜெயரட்ணம் வந்து, துவாலையச் சரி பண்ணி ஒக்காந்து, முழுசாக் கேட்டார். சுற்றறிக்கையப் பொரட்டினார். சுபாஸ்கிட்ட ரகசியமாப் பேசினார். அப்புறம் தீர்ப்பு மாதிரி ஒண்ணு சொன்னார்.

"விதி தெளிவாய் இருக்கிறது. பன்னிரண்டு சொற்களையும் சரியாகச் சொல்பவர் எவரோ அவரே உரிமையாளர். எடுத்தவர் பன்னிரண்டையும் பிழையில்லாமல் சொல்லியிருக்கிறார். எட்டாம் சொல்லில் அவர் தடுமாறவில்லை. நீர்தான் முதலில் ஆள் இல்லை என்றீர், பிறகு மாமா என்றீர், பிறகு பிறக்கவே இல்லை என்றீர்."

"தொரை, அவன் களவாணிங்க!"

"எப்படிச் சொல்லுவீர்? அவர் ஒரு விதியையும் மீறவில்லை. அறிவித்தலைப் பார்த்தார், அவருக்கு ஆட்சேபனை இல்லை, எடுத்துக்கொண்டார். ஒழுங்கான மனிதர். அறிவித்தலைக் கிழித்தது நீர்தான்."

"எங்க லயத்துக்குப் பின்னால மண்ணு சரியுதுங்க. அந்தக் காசுலதான் செவுரு..."

"மண்சரிவு வேறு திணைக்களம்"ன்னார் ஜெயரட்ணம்.

வீரய்யா அந்த மேசையத் தூக்கிக் கவுத்துருவானோன்னு செக்கியூரிட்டி பின்னால வந்து நின்னான். கவுத்திருக்கலாம். கவுத்திருக்கணும்னு நான் சொல்வேன். ஆனா அவன், "போனையாச்சும் குடுங்க. தங்கச்சிக்குச் சொல்லணும்"ன்னு மட்டும் கேட்டான். சபையோட பாதுகாப்பு வாரம் வருது, அந்த விழாவுல குடுக்கிறோம்னாங்க. ஏன்னா சபையில எல்லாக் கட்டமும் தாண்டி முடிஞ்ச மொதக் கோப்பு அதுதான். வெப்பம் பாத்தாச்சு, குளிர வச்சாச்சு, மொழிபெயர்த்தாச்சு, அறிவித்தாச்சு, உரிமையாளர் யாருன்னும் தீத்தாச்சு.

விழா பதுளையில ஒரு மண்டபத்துல. குத்துவிளக்கு, மல்லிகை மாலை, கொழும்புலருந்து வந்த பிரதம அதிதி. மேடை நடுவுல செவப்பு வெல்வெட் தலையணை, அதுமேல வீரய்யாவோட போன். குளிரறையிலருந்து எடுத்து, தொடைச்சு, முழுசா சார்ஜ் ஏத்தி வச்சிருந்தாங்க. கேடயம் போனுக்கு. 'கைபேசியைக் கொண்டுவந்தவர்'னு ஒரு அட்டை குத்தி வீரய்யாவ மேடையில ஓரமா ஒரு பிளாஸ்டிக் கதிரையில வச்சிருந்தாங்க. பெரியாயி கீழ முன் வரிசையில ஒக்காந்து புருசனையே பாத்துக்கிட்டிருந்தா. ஒரு வார்த்தை அவன வையல அவ, அதுதான் அவனுக்கு இன்னும் வலிச்சது.

ஜெயரட்ணம் மைக்கப் புடிச்சார். "இந்தக் கைபேசியைப் பாருங்கள்! இன்று உலகத்தின் எந்தத் திருடன் வந்தாலும் இதில் இருந்து ஒரு சதமும் எடுக்க முடியாது. இந்த நிலையை நாங்கள் எட்டியிருக்கிறோம். ஊவாவின் ஒவ்வொரு கைபேசியையும் இதே நிலைக்குக் கொண்டுவரும்வரை எனக்கு உறக்கமில்லை!"

கைதட்டல் அடங்குறதுக்குள்ள தலையணை மேல போன் அதிர ஆரம்பிச்சுது. திரையில தயானி படம், ஃபெக்டரித் தொப்பியோட சிரிச்சுக்கிட்டு. வீரய்யா எந்திரிச்சான், சுபாஸ் தோளப் புடிச்சு அமுக்கினார்.

"பார்த்தீர்களா! இவ்வளவு குளிருக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறது!" ஜெயரட்ணத்துக்குத் தலைகால் புரியல. "சுபாஸ், எடும், எடும். மைக்குக்குக் கிட்ட வையும். சபையோர் கேட்கட்டும்."

சுபாஸ் எடுத்து மைக்குப் பக்கத்துல வச்சார். மண்டபம் முழுக்கத் தயானி குரல் கேட்டுச்சு.

"அண்ணே! எங்கண்ணே போன? எத்தன நாளாக் கூப்பிடுறேன், போனே போகல, நான் செத்துப் பொழைச்சேன். கேளுண்ணே, டிக்கெட் போட்டாச்சு! அடுத்த மாசம் வந்துருவேன். மேசன் பாஸ்கிட்டச் சொல்லிச் செவுத்த ஆரம்பிச்சுருண்ணே, நான் வர்றப்ப ஜன்னல் மட்டத்துக்காவது வந்துரணும். மழைக்கு முன்னாடி நாம அந்தப் பக்கம் போயிரணும். காசு இருக்குல்ல? அண்ணே? கேக்குதா?"

சுபாஸோட கைய ஒதறிட்டு வீரய்யா மைக்குக்கிட்ட வந்தான். பிரதம அதிதி சிரிச்ச மொகத்தோட பாத்தார். பெரியாயி முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டா.

"கேக்குது தயானி."

"காசு எங்கண்ணே?"

வீரய்யா ஜெயரட்ணத்த ஒரு தடவை திரும்பிப் பாத்தான்.

"பாதுகாத்துட்டாங்கடி."

"என்னண்ணே சொல்ற?"

"பாதுகாத்துட்டாங்க. ஒரு சல்லி மிச்சம் வைக்காம முழுசாப் பாதுகாத்துட்டாங்க!"

ஜெயரட்ணம்தான் மொதல்ல கைதட்டினார். பிரதம அதிதி எந்திரிச்சு நின்னு தட்டினார். அவர் எந்திரிச்சதால மண்டபமே எந்திரிச்சுது. அந்தச் சத்தத்துல போன்ல தயானி என்ன சொல்றான்னு கேக்க, வீரய்யா குனிஞ்சு காத வச்சான்.

"யாருண்ணே அங்க கைதட்டுறது? என்ன விசேசம்? அண்ணே, நம்ம வீட்டுலயா?"